புழு டாக்டர்

"அந்த மேல் இலையைத் தூக்கிப் போட்றாதீங்க, எனக்கு அதுதான் வேணும்" என்று சொல்லிக்கொண்டே, லெட்டூஸ் கீரையின் வாடிய இலைகளைப் பையில் திணிக்கிறார் புழு டாக்டர். காய்கறிக் கடைக்காரருக்குப் பாவமாக இருக்கிறது.

"வீட்ல ஆளுங்க ஜாஸ்தியாம்மா?"

"ஐந்நூறு பேர் இருப்பாங்க. என்ன, கொஞ்சம் மெதுவாச் சாப்பிடுவாங்க."

ஐந்நூறு பேரும் நத்தைகள். இருப்பது வீட்டில் அல்ல, ஆய்வகத்துக் கண்ணாடித் தொட்டிகளில். அவற்றின் உடம்பில் வளரும் ஒரு புழுதான் டாக்டரின் பிழைப்பு. அது நத்தையை விட்டு நீந்தி வந்து, தண்ணீரில் இறங்குகிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தக் குழாயில் குடித்தனம் நடத்தும். ஆணும் பெண்ணும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். "நம்ம கல்யாணத்தைவிடக் கெட்டியான சம்பந்தம்" என்பார். கணவர் பக்கத்தில் இருந்தால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். குடும்பத்தோடு ஏரிக்குப் போனால் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் கும்மாளம் போட, இவர் மட்டும் காலணியைக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்து, கரையோரம் நத்தை தென்படுகிறதா என்று நோட்டம் விடுவார்.

அந்தப் புழுவின் முட்டையில் பெண் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை அந்த ஹார்மோனைத் தின்றே கொழுக்கும். அப்படியானால் புழுவின் சரக்கும் அதற்குத் தீனி ஆகுமா? டாக்டர் பல வருஷமாக முட்டிக்கொண்டிருக்கும் சுவர் இதுதான். நடுவில் அவருடைய அக்காவுக்கே அந்த நோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஹார்மோனை அடக்கும் மாத்திரையோடு அக்கா நன்றாகவே இருக்கிறார். மதியம் சாப்பிடும் நேரத்தில் தவறாமல் போன் வரும்.

"என்னடி, உன் புழு வாயத் திறந்துச்சா?"

"எங்கக்கா! கல்லுளிமங்கன் மாதிரி இருக்கு."

போன வருஷம் வாயைத் திறந்தது. புழு முட்டையின் சாறு ஊற்றிய கிண்ணங்களில் புற்றுச் செல்கள் இரண்டு மடங்காகப் பெருகின. ஆய்வகத்தின் இயக்குநர் கைகுலுக்கிக் குலுக்கி டாக்டரின் தோள்பட்டையையே கழற்றிவிடப் பார்த்தார். வெளிநாட்டு மாநாட்டில் பேச அழைப்பு வந்தது. அக்கா தெருவையே கூட்டிச் சொல்லிவிட்டார்.

புறப்படச் சில நாள் இருக்கையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாறு கலக்காமல் ஊற்றும் வெறும் கரைசலை வைத்திருந்த பழைய கண்ணாடிப் புட்டி கைதவறி உடைந்தது. சாற்றை வைத்திருந்த அதே ரகப் புது பிளாஸ்டிக் குழாய்களில் கரைசலையும் ஊற்றி வைத்தார்கள். அடுத்த சோதனையில், சாறே படாத கிண்ணங்களிலும் செல்கள் கொழுகொழுவென்று வளர்ந்து நின்றன. பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று ஹார்மோன் வேஷம் போட்டிருக்கிறது.

"இத இப்ப யாரு கேக்கப் போறாங்க? போய்ப் பேசிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

"நான் கேட்டுட்டேனே சார்."

மாநாட்டுக்கு வரவில்லை என்று அன்றைக்கே எழுதிப் போட்டார். அக்காவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

"அக்கா, பேசினது புழு இல்ல. டப்பா."

எதிர்முனையில் வெடிச்சிரிப்பு. "அடிப்பாவி, தெரு முழுக்கச் சொல்லிட்டேனேடி!" சிரித்து ஓய்ந்து, தணிந்த குரலில், "பொய்யா ஆறுதல் சொல்ல எனக்கு ஊர்ப்பட்ட சொந்தக்காரங்க இருக்காங்க. நீ ஒழுங்காப் பண்ணு" என்றார்.

போனை வைத்துவிட்டு டாக்டர் ஒரு நத்தைத் தொட்டியைத் தேய்தேய் என்று தேய்த்தார். அது அன்று காலைதான் கழுவிய தொட்டி.

பிளாஸ்டிக் எல்லாம் வெளியே போயிற்று, கண்ணாடி உள்ளே வந்தது, எல்லாம் முதலிலிருந்து. ஒரு வருஷம் ஓடிற்று. இந்த முறை இரண்டு மடங்கெல்லாம் இல்லை. சாறு பட்ட செல்கள் கொஞ்சம்தான் கூடுதலாக வளர்ந்தன. ஆனால் ஒவ்வொரு தடவையும் வளர்ந்தன.

சேதி காதில் விழுந்ததும் இயக்குநர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "இப்பவாவது வெளிய சொல்லலாமா?"

டாக்டர் எந்தக் கிண்ணம் எது என்று எழுதியிருந்த இடங்களில் வரிசையாகக் காகிதம் ஒட்டி மறைத்தார். சீட்டுக் கலைப்பதுபோல் கிண்ணங்களை இடம் மாற்றினார். பிறகு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"உக்காருங்க சார். எதுல சாறுன்னு தெரியாமலே நீங்க செல்லை எண்ணுங்க."