வேலம்மா கொடுத்த மனு

1983இல் மலேசியாவின் செரண்டா ஊருக்கு வெளியே இருந்த ஈய ஆலையை மூடினார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய இடம் அது. முதலாளி கதவைப் பூட்டினார். கறுத்த மண்ணை அப்படியே விட்டுப் போனார். அதற்கு விலை பேச யாரும் வரவில்லை. அதனால்தான் ரப்பர் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருப்பை இழந்த பதினோரு குடும்பங்கள் ஆலையின் பின்வேலியோரம் பலகை வீடு கட்டிக்கொள்ள முடிந்தது.

அவர்களில், அந்த ஆலை உலையில் வேலை செய்திருந்த ஐயாவு மறுவருடமே இறந்துபோனார். மனைவி வேலம்மா ரவாங்கில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து மகள் கங்காவை வளர்த்தாள். கங்காவுக்கு ஓயாத வயிற்றுவலி. பள்ளியில் படித்தது எதுவும் மனத்தில் நிற்கவில்லை.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர், “உடம்புல ஈயம் ஏறியிருக்கு. பிள்ளையை அந்த மண்ணுல விளையாட விடாதீங்க” என்றார்.

வேலம்மாவின் வாசலே அந்த மண்தான்.

மண்ணை அகற்றக் கேட்டு ஒரு மனு. அவள் வேலை செய்த அலுவலகத்தின் கிராணி, கணக்கு எழுதும் அமலதாஸ், அதை மலாயில் எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு இராஜம்மா முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு வேலம்மா அரசாங்க அலுவலகங்களுக்கு இரண்டு வருடம் நடையாய் நடந்தாள்.

1987இல் அரசாங்கம் அனுப்பிய லோரிகள் வந்தன. மண்ணை ஆள் உயரத்துக்கு வெட்டி அள்ளினார்கள். குடியிருப்பு ஆண்களுக்கே அந்த வேலை கிடைத்தது. சாலையோரத்துச் சேது சாப்பாட்டுக் கடையில் மதியம் உட்கார இடமிருக்காது.

“எல்லாம் வேலம்மாக்காவால வந்த பொழப்புலா” என்று இராஜம்மா பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

புதுச் செம்மண் கொட்டி மட்டம் தட்டியதும் நிலம் அளப்பவர்கள் வந்தார்கள். யாரும் சீந்தாத இடத்துக்கு இப்போது விலை வந்துவிட்டது. வீடு கட்டும் நிறுவனம் ஒன்று பழைய ஆலை முதலாளியிடமிருந்து அதை வாங்கியது. வீட்டுக்கு வீடு கடிதம் வந்தது. வேலம்மா அதை அமலதாஸிடம் கொண்டுபோனாள்.

“மூணு மாசத்துல காலி பண்ணச் சொல்றாங்கம்மா. உங்க யாருகிட்டயும் நிலம் உங்களுதுன்னு சொல்ற கிராண்ட் பத்திரம் இல்லையே.”

“சுத்தம் பண்ணக் கேட்டதே நாங்கதானே சார்?”

“சுத்தம் பண்ணத்தான் கேட்டோம். அங்கேயே குடியிருக்க விடணும்னு கேக்கலையே. எனக்கும் அப்ப தோணல.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை இராஜம்மா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை.

“நீங்க சும்மா இருந்திருந்தா நாங்க பாட்டுக்கு இருந்திருப்போம்க்கா.”

“உன் சின்னவளுக்கும் வயித்துவலிதானே இராஜம்மா?”

“வலியோட ஒரு வீடு இருந்துச்சு. இப்ப எங்க போறது?”



பதினோரு குடும்பங்களும் திசைக்கொன்றாகப் போயின. வேலம்மா உலு யாமில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தாள். கங்காவின் வலி மெல்ல விட்டது. படிப்பு மட்டும் ஏறவேயில்லை. இராஜம்மா பாகான் நக்கோடா ஓமார் என்ற கடலோர மீனவக் கிராமத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, 1989இல் வேலம்மா பஸ் மாறி மாறிப் பார்க்கப் போனாள்.

கொட்டகையில் இறால் உரித்துக்கொண்டிருந்த இராஜம்மா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகளும் உரித்துக்கொண்டிருந்தாள்.

“கங்காவுக்கு வலி?”

“இப்ப இல்ல.”

“இவளுக்கும் இல்லக்கா. பள்ளிக்கூடந்தான் இல்ல. ரெண்டு பேரு உரிச்சாத்தான் வாடகை கட்ட முடியுது.”

வேலம்மா அவள் கையைப் பிடித்தாள். இராஜம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழுதாள். ஆனால் வேலம்மா பஸ்ஸுக்கு எழுந்தபோது, இன்னொரு தடவை வாங்க என்று சொல்லவுமில்லை.