கரண்டு மேளமும் பாட்டில்லாத கேசட்டும்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மன் சமாச்சாரம், சிரித்துக்கொண்டே எழுதினால் ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்ற பயம்தான். அன்றைக்கு அவளும் சிரித்திருப்பாள் என்று இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது.

எண்பதுகளில் ஒரு வருஷம் என் சம்சாரம் காமாலையில் படுத்துவிட்டாள். அவள் எழுந்து நடந்தால், நெடுங்காட்டில் எங்கள் தெரு மாரியம்மன் சன்னதியில் ஒரு பாட்டு முழுசாகப் பாடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டாள். சிக்கல் என் குரலில்தான். என்னோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லி நாதஸ்வரக்காரரைக் கேட்டேன். "மொட்டை போட்டுக்கங்களேன், அம்மாவுக்கும் நிம்மதி" என்றார்.

அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்தான். மைக்கைச் சொருகினால் நம் குரலும் ஸ்பீக்கரில் வரும். கூடவே ஒரு கேசட்; வாத்தியம் மட்டும் இருக்கும், பாடுகிறவர் குரல் இருக்காது. இப்போது கரோக்கே என்கிறார்களே, அதுதான். எல்லாமே காதல் பாட்டு மெட்டு. அதில் ஒன்றுக்கு அம்மன் பேரில் நானே வரி கட்டினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஆடி வெள்ளி சாயங்காலம் கேசட்டைப் போட்டதுமே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதல் சரணம் நன்றாகவே போனது. அப்போது பூசாரி தீபாராதனைக்குக் கரண்டு மேளத்தைப் போட்டார். மோட்டார் சுற்றி மேளமும் மணியும் தானாக அடிக்குமே, அந்தப் பெட்டி. அதுவும் டேப் ரெக்கார்டரும் ஒரே கரண்டு லைன். லைட்டெல்லாம் மங்கி, கேசட் இழுக்க ஆரம்பித்தது. மெட்டை விட்டால் வேண்டுதல் போச்சே என்று நானும் கூடவே இழுத்தேன். காதல் பாட்டு அசல் ஒப்பாரியாகிவிட்டது.

சம்சாரம் கிட்டே வந்து, "ஏங்க, நான் உசுரோடதான நிக்கிறேன், எதுக்கு இப்படி அழுவுறீங்க?" என்றாள்.

தீபாராதனை முடிந்து மேளம் நின்றது. கேசட் ஓட்டமெடுத்தது, நானும் பின்னாலேயே ஓடினேன். கடைசி இரண்டு வரி பாக்கி இருக்கையில் டேப் சிக்கி நின்றுவிட்டது. "விட்டுடுங்க அத்தான்" என்று மச்சினன் மைக்கைப் பிடுங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டு வெறும் தொண்டையில் அந்த இரண்டு வரியையும் பாடினேன். பூசாரி விபூதி பூசி, "அம்மா ஏத்துக்கிட்டா. அடுத்த தடவ மொட்டையே போதுங்குறா" என்றார்.

பாதியில் அம்மனே நிறுத்திவிட்டாள் என்று மச்சினன் இன்னமும் தன் ஊர் தருமபுரம் பூராவும் சொல்லித் திரிகிறான். நின்றது கேசட். நான் நிற்கவில்லை. சம்சாரம் இதோ திடமாக உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், அவளே சாட்சி. நீங்கள் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் யாரிடம் சொன்னாலும் அந்தக் கடைசி இரண்டு வரியை வெட்டிவிடாமல், உள்ளபடி சொல்லுங்கள்.