காற்றை அடைத்த இன்ஸ்பெக்டர்

ஈப்போவில் பனிக்காலம் கிடையாது. ஆண்டு முடிவில் மழை கொட்டும், சுண்ணாம்பு மலைகளின் மேல் மேகம் இறங்கி உட்காரும், விடியலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளத் தோன்றும், அவ்வளவுதான். எட்டு மணிக்கு வெயில் வந்து அந்தப் போர்வையையும் பிடுங்கிவிடும். ஆனால் கேனிங் கார்டனில் மயில்வாகனம் வீட்டில் மட்டும் போன வருடம் அக்டோபர் கடைசியில் பனிக்காலம் தொடங்கிவிட்டது. அவரே அதை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

மயில்வாகனம் ஓய்வுபெற்ற சுகாதார இன்ஸ்பெக்டர். முப்பத்து மூன்று வருட உத்தியோகத்தில் அவர் குனிந்து பார்த்துக் குறிப்பெழுதாத சாக்கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இல்லை. இளம் வயதில் சுங்காயிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங் வரை ரப்பர் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சோதிப்பது அவர் வேலை. அந்த நாள்களைப் பற்றி அவரிடம் ஒரு கதை இருந்தது. கல்யாண வீடோ செத்த வீடோ, இரண்டு பேர் அகப்பட்டால் போதும், சொல்லிவிடுவார். சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், மூச்சு முட்டும் லயத்து அறை ஒன்றைக் காட்டி, "இந்த அறையில உங்கட நாயை ஒரு நாள் படுக்க விடுவியளோ?" என்று துரையின் முகத்துக்கு நேரே கேட்டாராம். அடுத்த மாதமே எல்லா அறைகளுக்கும் சுவரின் மேற்புறத்தில் துவாரம் போட வைத்தாராம். "மனிசனுக்குச் சோத்துக்கு முதல் காற்றோட்டம் வேணும்!" என்று கையை உயர்த்திக் கதையை முடிப்பார். அவர் மனைவி சாரதாதேவி இதை நாற்பது வருடமாகக் கேட்கிறார். நாய் வரும் இடத்தில் எழுந்து தேநீர் போடப் போய்விடுவார்.

போன வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் மகள் தர்சிகாவுக்குப் பிள்ளைப்பேறு என்று இருவரும் லீட்ஸுக்குப் போனார்கள். வாடகை வீடு. சூடேற்றும் கருவியை நாள் முழுக்க ஓடவிட்டால் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும் என்பதால், தர்சிகா சிக்கனமாகக் குளிரோடு மல்லுக்கட்டக் கற்றிருந்தாள். ஜன்னல் இடுக்குகளில் பஞ்சு நாடா ஒட்டியிருந்தாள். கண்ணாடியில் குமிழ் பிளாஸ்டிக். கதவின் அடியில் துணி திணித்த நீளத் தலையணை. எல்லாரும் ஒரே அறையில் கூடியிருக்க, அந்த ஒன்றுக்கு மட்டும் சூடு. மயில்வாகனம் அசந்துபோனார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னல் ஜன்னலாகக் காட்டி, சுடர் ஆடாமல் நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். "வெள்ளைக்காரன்ட மூளை" என்றார். தர்சிகா யாழ்ப்பாணத்து வம்சத்தில் ஈப்போவில் பிறந்தவள் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

ஒன்றை மட்டும் அவர் பார்க்கவில்லை. தினமும் காலையில் தர்சிகா எல்லா ஜன்னல்களையும் பத்து நிமிடம் விரியத் திறந்துவைத்து, உள்ளே தேங்கிய ஈரத்தை வெளியே விரட்டிவிட்டுத்தான் மறுபடி சாத்துவாள். அந்தப் பத்து நிமிடமும் மயில்வாகனம் இரண்டு போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞானத்தோடுதான் அடுத்த மழைக்காலத்தை அவர் எதிர்கொண்டார். கேனிங் கார்டன் வீடு அறுபது வருடப் பழசு. கதவுக்கு மேல், ஜன்னலுக்கு மேல், சமையலறைச் சுவரில் என்று எங்கு பார்த்தாலும் காற்றுத் துவாரங்கள். கட்டியவன் இந்த ஊர் வெக்கையை அறிந்தவன். மயில்வாகனமும் இத்தனை வருடம் அறிந்துதான் இருந்தார். இப்போது அந்தத் துவாரங்களை அண்ணாந்து பார்த்து, "இதென்ன வீடோ, சல்லடையோ? குளிர் எல்லாப் பக்கத்தாலயும் வருது" என்றார்.

"இஞ்சாருங்கோ, இருபத்து மூன்று டிகிரிக்குப் பேர் குளிரே?" என்றார் சாரதாதேவி.

"உனக்குத் தெரியாது. லீட்ஸில இதைத்தான் முதலில பார்க்கிறவை."

லீட்ஸ் போய்வந்த பிறகு தோட்டத்துக் கதையை அவர் அடியோடு மறந்துபோனார். இப்போது எதற்கெடுத்தாலும் லீட்ஸ்தான்.

காசு செலவழிக்காமல் செய்தது அவருக்குப் பெருமை. துவாரங்களில் பழைய நாளிதழ்களைச் சுருட்டித் திணித்தார். பொட்டலங்களில் வந்த குமிழ் பிளாஸ்டிக்கை வருடக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். அது ஒட்டு நாடாவும் ஆணியுமாக ஜன்னல்களுக்குப் போயிற்று. சமையலறைத் துவாரத்தில் பிஸ்கட் டின் மூடியை வைத்து ஆணி அறைந்தார். கதவடிக்குத் தலையணை வேண்டுமே. சாரதாதேவியின் மெல்லிய பருத்திச் சேலை ஒன்று கொடியில் கிடந்தது. பழசு என்று இவராகவே முடிவு செய்து, கிழித்துத் தைத்து, உள்ளே கந்தல் அடைத்தார். அந்தச் சேலைக்காக சாரதாதேவி மூன்று நாள் பேசவில்லை. வீடு அமைதியாக இருப்பதற்கும் சத்தம் உள்ளே வராததுதான் காரணம் என்று மயில்வாகனம் எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கூடத்தின் நடுவில் நின்றார். சுடர் அசையவில்லை. நெற்றியிலிருந்து வியர்வைதான் சொட்டியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்க் காற்றாடியை ஐந்தாம் நம்பரில் போட்டார். காற்று வரக்கூடாது என்று அடைத்த வீட்டில் காற்றுக்காக இரவும் பகலும் காற்றாடி சுற்றியது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணியைக் கூடத்திலேயே கொடி கட்டிக் காயப்போட்டார்கள். காலையில் புட்டு, மாலையில் இடியப்பம். அவித்த ஆவியெல்லாம் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குடியேறியது. முதலில் சுவர் ஈரமாயிற்று. பிறகு மூலைகளில் கரும்புள்ளி. பிறகு அலமாரியிலிருந்த தோல் செருப்பில் பச்சைப் பூஞ்சணம். லீட்ஸில் வாங்கிய கம்பளிக் கோட்டுக்கு வெள்ளை மீசை முளைத்தது. கூடத்தில் மாட்டியிருந்த சேவைப் பாராட்டுச் சான்றிதழின் கண்ணாடிக்குள்ளும் பூஞ்சணம் புகுந்து, மயில்வாகனம் என்ற பெயரையும் அதன் கீழிருந்த உத்தியோகத்தையும் நிதானமாகத் தின்று முடித்தது.

பள்ளிக்கூட நாளில் சாரதாதேவிக்கு மூச்சிழுப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு தலைகாட்டவில்லை. அது இப்போது திரும்பி வந்தது. படுத்தால் நெஞ்சில் பூனை கத்துவதுபோல் கேட்டது.

"உது மழைச் சளி" என்றார் மயில்வாகனம். சுவர் ஈரத்துக்கும் அவரிடம் காரணம் இருந்தது. கூரை ஒழுகுகிறதாம்.

கூரை பார்க்க டொமினிக் வந்தான். வீடு பழுதுபார்ப்பவன், நாற்பதைத் தாண்டியவன், புந்தோங் பக்கம் இருக்கிறான். ஏணி போட்டு ஏறி, மழைத் தூறலிலேயே கூரை முழுதும் பார்த்துவிட்டு இறங்கினான். உள்ளே வந்தவன் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினான்.

"சார், கூரை நல்லாத்தான் இருக்கு லா. ஒரு ஓடுகூட நகரல. வீடுதான் வேர்க்குது."

"வீடு என்ன மாடோ, வேர்க்கிறதுக்கு?"

"எல்லா ஓட்டையும் அடைச்சு வச்சிருக்கீங்க. உள்ளுக்கே அவிக்கிறீங்க, துணியும் காயப்போடுறீங்க. அந்தத் தண்ணி எங்க சார் போகும்? செவுத்துலதான் ஒட்டும். பாருங்க, எவ்ளோ குலாட்." பூஞ்சணம் பிடித்த மூலையை விரலால் தேய்த்துக் காட்டினான். "பேப்பரை எடுத்து வீசிட்டு ஜன்னலைத் திறந்து போடுங்க. ரெண்டு வாரத்துல காஞ்சிரும். காசுகூட வேணாம்."

காசு வேண்டாம் என்று சொல்பவனை நம்ப முடியுமா? மயில்வாகனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "லீட்ஸில போய்ப் பார். முழு ஊரும் அடைச்சுத்தான் வைச்சிருக்கு. நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

"லீட்ஸ் எங்க இருக்கு சார்? தைப்பிங் பக்கமா?" என்று கேட்டான் டொமினிக். கிண்டலா, நிஜமாகவே தெரியாதா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வீம்பில் மயில்வாகனம் மறுநாள் ஒரு காரியம் செய்தார். நாளிதழ்களையெல்லாம் பிடுங்கி எறிந்தார். அப்பாடா, மனிதர் திருந்திவிட்டார் என்று சாரதாதேவி ஒரு கணம் மகிழ்ந்துபோனார். மயில்வாகனம் சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு துவாரத்தையும் நிரந்தரமாகப் பூசி அடைத்தார்.

சாரதாதேவி ஒரு பையில் நாலு சேலையும் மருந்தும் எடுத்துக்கொண்டு, லகாட்டில் இருக்கும் தங்கை விமலா வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று சொன்னார்: "உந்த ஓட்டையளைத் திறந்தபிறகு சொல்லுங்கோ, வாறன். அதுக்கு முதல் கூப்பிடாதேங்கோ."

இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று மயில்வாகனம் நினைத்தார். மூன்று வாரம் ஆயிற்று. ரொட்டியும் சர்டினும் தின்று நாக்கு செத்துப்போனது. தொலைபேசியில் தர்சிகாவிடம் முறையிட்டார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, நான் ஒவ்வொரு நாளும் காலமை ஜன்னல் திறந்து விடுறது நீங்கள் பார்க்கேல்லையா? இஞ்சயே அடைச்சு வைச்சால் பூஞ்சணம் பிடிக்கும். ஈப்போவில் யாராவது அடைப்பினமா?" என்று கத்தினாள். இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். வீடு நாறியது அவருக்கும் தெரிந்தது. தனியாக இருக்கும்போது இருமினார், ஆள் இருந்தால் அடக்கிக்கொண்டார். தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிடப் பூஞ்சணத்தோடு குடும்பம் நடத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

திருவெம்பாவை வந்தது. சாமி அறையில் விளக்கேற்ற ஆளில்லை என்று சொல்லி அவர் கூப்பிட்டார். "வீடு இப்ப நல்லாக் காய்ஞ்சிட்டுது" என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னார். முந்தின நாள் முழுக்கச் சுவர்களை வெள்ளை வினிகரால் துடைத்து, சாம்பிராணிப் புகை போட்டிருந்தார். புகையும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றது.

திருவெம்பாவை என்பதால் தன் நிபந்தனையைத் தளர்த்தி, சாரதாதேவி நம்பி வந்தார். விளக்கேற்றித் தேவாரத்தில் இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரிக்கு மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். உதடு நீலம் பாய்ந்தது. மயில்வாகனம் ஜன்னலைத் திறக்க ஓடினார். அவரே ஒட்டிய நாடா, அவரே அடித்த பிளாஸ்டிக், திறக்க வரவில்லை. நகத்தால் பிய்த்தார், பல்லால் கடித்தார். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் பட்ட பயத்தை எந்த எதிரிக்கும் நான் வேண்டமாட்டேன். கடைசியில் மனைவியை இரண்டு கையாலும் அணைத்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுச் சீனர் காரில் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் மூச்சு சமனாயிற்று. "வீட்டில பூஞ்சணம் ஏதும் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். மயில்வாகனம் தரையைப் பார்த்தார்.

அன்றிரவு இருவரும் விமலா வீட்டிலேயே தங்கினார்கள். காலையில் அவரே டொமினிக்கைக் கூப்பிட்டார்.

டொமினிக் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தான். சாரதாதேவியும் வந்திருந்தார், ஆனால் உள்ளே போகவில்லை. கார் நிறுத்தும் கூரையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசித் துவாரம் திறக்கும்வரை வாசற்படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மயில்வாகனம் ஏணியைப் பிடித்தார். முன்வாசல் சுவரில் சிமெண்டு பெயர்ந்து அவர் தலையில் கொட்டியது.

"இதாவது பரவால்ல சார், இருந்த ஓட்டையை அடைச்சது" என்றான் டொமினிக் மேலேயிருந்து. "எங்க லயத்துல ஓட்டையே இல்ல. நான் சுங்காய் பக்கம் தோட்டத்துல பொறந்தவன். என் தங்கச்சி பெட்ரீசியா அப்போ கைப்பிள்ள. எந்நேரமும் இருமல், மூச்சு விட்டா விசில் சத்தம். ரப்பர் பால்வெட்டுக்குப் போகாம எங்கம்மா அதை மடியில வச்சிட்டே உக்காந்திருக்கும். பொழைக்காதுன்னு சொல்லிட்டாங்க."

"பிறகு?" என்றார் சாரதாதேவி.

"ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரும்மா. சிலோன்காரரு. தொரையைப் பாத்து, இந்த ரூம்ல உன் நாயைப் படுக்க வைப்பியான்னு கேட்டாராம். அடுத்த மாசமே செவுத்துல ஓட்டை போட்டாங்க. தங்கச்சிக்கு இருமல் நின்னுச்சு. இப்ப அதுக்கு மூணு பிள்ள. எங்கம்மா சாகுற வரைக்கும் சர்ச்சுல அவருக்கு மெழுகுவத்தி கொளுத்தும். பேரு தெரியாது இல்ல, 'நாய் கேட்ட ஐயா'ன்னு சொல்லித்தான் வேண்டிக்கும்."

மயில்வாகனம் அண்ணாந்து பார்த்தார். நாற்பது வருடமாகக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்த கதை. அதற்கு இப்படி ஒரு சாட்சி, இப்படி ஒரு மேடை இனி எந்த நாளும் அமையாது. வாயைத் திறந்தார். சிமெண்டுத் தூள் உள்ளே போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

சாரதாதேவி கணவரைப் பார்த்தார். ஆனால் டொமினிக்கிடம்தான் பேசினார்.

"அந்த ஐயா இப்ப எங்க இருக்கிறாரோ, தம்பி?"

"தெரியலம்மா. உயிரோட இருந்தா எழுபது வயசு இருக்கும்."

"எங்கயாவது கண்டால் சொல்லுங்கோ, இந்த வீட்டையும் ஒருக்கால் வந்து பார்க்கட்டும். இஞ்ச நாய் இல்லை. நான்தான் படுக்கிறனான்."

டொமினிக் சிரித்தான். மயில்வாகனம் சிரிக்கவில்லை. தலையிலிருந்த தூளைத் தட்டாமல் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சமையலறையில இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். "அதையும் உடை."