இந்த மலரின் பின்னட்டை ஏன் வெறுமையாக இருக்கிறது

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் மரத்துப்போன என் கால்களுக்கு, நரம்பை உயிர்ப்பிக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட பச்சை நிற மூலிகை மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவன் நான். பழுதான நரம்புகளை ஆற்றும் மருந்தைத் தேடுவதையே வேலையாகக் கொண்டவர் கூடப் பிறந்திருக்க, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விழுங்கினேன். அதோடு நிற்காமல், "இப்ப உணர்ச்சி வந்துடுச்சுக்கா" என்று அவரிடமே போய்ப் பெருமையும் அடித்தேன்.

"அப்படியா? கண்ண மூடு. பஞ்சால தொடுவேன். எந்த விரல்னு சொல்லு."

மூடினேன்.

"இப்போ?"

"கட்டைவிரல்."

"இப்போ?"

"சுண்டுவிரல். நல்லாவே தெரியுதுக்கா."

"கண்ணத் தொற."

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு மேசைமேல் கிடந்தது.

"அத்தனையும் சுள்ளு" என்றார். பொய்யைக் கன்னடத்தில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். தமிழில் சொன்னால் சண்டையாகிவிடும்.

அக்கா ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தத்தின் நடுவே பிறந்தார். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். அம்மா சீக்கிரமே காலமானதால், அம்மாவின் தங்கையான சித்திதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா உயிர்வேதியியல் படித்து ஹெப்பகோடிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் ஏன் நரம்பைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு இந்த இடத்தில் உருக்கமான காரணம் ஒன்று வர வேண்டும். அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பிரிவில்தான் வேலை காலியாக இருந்தது.

நசுங்கிய நரம்பு தானாகவே வளரும். ஆனால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கதியில்தான். பல சமயம் போய்ச் சேர வேண்டிய தசையை எட்டுமுன் பாதியிலேயே நின்றுவிடும். அதை முடுக்கிவிடும் மருந்து ஒன்று வேண்டும். கண்ணாடித் தட்டில் வளர்த்த நரம்பணுக்களின் மேல் ஒவ்வொரு ரசாயனமாக ஊற்றி, எதில் முளை நீள்கிறது என்று பார்ப்பார்கள். தேறியதை, கால் நரம்பை நசுக்கிவிட்ட எலிக்குக் கொடுப்பார்கள். மாலையில் அக்காவின் துப்பட்டாவில் எலிக்கூண்டு வாடை அடிக்கும். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். அதில் உட்காராமல் இரண்டு நாற்காலி தள்ளி அமர்ந்து, "ஏம்மா, நீ இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்ட உறவினர்கள் பலரும் இந்த மலரைப் பெறுகிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

ஒரு மருந்து வேலை செய்தது. அதைப் பெற்ற எலிகள் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் கால் ஊன்றி நடந்தன. மேலாளர் கேக் வரவழைத்தார். அக்கா அதைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நடைக்கு மார்க் போட்டது நான்தான்டா. எந்தக் கூண்டுக்கு மருந்துன்னு எனக்குத் தெரியும். மறுபடி பண்ணணும்."

கூண்டுகளின் அடையாளத்தை மறைத்து, வேறொருவரை மார்க் போட வைத்தார்கள். வித்தியாசம் காணாமல் போனது. "ஒந்து சல சாக்காகித்து மேடம்" என்றாராம் மேலாளர். ஒரு தடவை செய்ததே போதுமாயிருந்ததாம். அதன் பிறகு அக்காவின் மேசை சாமான் அறைக்குப் பக்கத்துக்கு நகர்ந்தது. நமக்கென்ன வம்பு, பேசாமல் இருந்திருக்கலாமே என்று நானும் என் பங்குக்கு ஞானம் போதித்தேன்.

"அந்த எலிங்க நரம்ப நசுக்குனது என் கை. அதுக்கு மேல சுள்ளு வேற சொல்லணுமா?"

பல வருடம் கழித்து இன்னொரு மருந்தில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. சிறியதுதான், ஆனால் யார் திரும்பச் செய்தாலும் மாறாமல் வந்தது. இன்று இளையவர்கள் அதை மேற்கொண்டு ஆராய்கிறார்கள். அதற்கு யாரும் கேக் வெட்டவில்லை.

பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. அதற்குக் கொடுத்த மருந்து விரல் நுனி நரம்புகளைத் தின்றது. அப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லுமுன் அக்காவே எங்களிடம் சொல்லியிருந்தார். பொத்தான் போட முடியவில்லை. டம்ளர் நழுவியது. சித்தி தன் கையை அவர் கைக்குக் கீழே கொடுத்து, இருவருமாக டம்ளரைப் பிடித்துக் காபி குடிக்க வைப்பார்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்டின் டவுனில் இருக்கும் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன் முறை, பச்சை மாத்திரை டப்பாவோடு வந்தார். எனக்கு விற்றவரும் அவரே. அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இத யாருக்குக் குடுத்தீங்க, யாருக்குக் குடுக்காம பாத்தீங்க?"

"சேச்சே, எல்லாருக்கும் குடுத்தோம்மா. யாருக்கும் இல்லன்னு சொன்னதே கிடையாது."

அக்கா நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். டப்பாவைத் திறக்கவில்லை. அண்ணன், நினைவுக்கு இருக்கட்டும் என்று, அக்கா காபி குடிப்பதை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

அக்கா மறைந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. "நரம்பு விஞ்ஞானியே நம்பிச் சாப்பிட்ட மாத்திரை! மீண்டும் டம்ளர் பிடித்த கை!" படத்தில் அக்காவின் கை இருந்தது, டம்ளர் இருந்தது. கீழே தாங்கியிருந்த சித்தியின் கையை மட்டும் வெட்டியிருந்தார்கள். துப்பட்டாவின் எலி வாடை அந்தப் படத்துக்கு முன் சந்தனம்.

இப்போது முதலாண்டு நினைவுக்கு இந்த மலரை அச்சிடும் செலவை அண்ணன் தானே ஏற்பதாக வந்தார். பின்னட்டையில் அந்தப் படம் வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் விருப்பம். "ஒரே பக்கம்தானேப்பா, யார் படிக்கப் போறாங்க?" என்றார். நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல மறுத்ததற்காகச் சாமான் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பெயரில், அவர் போன பிறகு, அவர் கையையே சாட்சியாக்கி ஒரு சுள்ளு. முடியாது என்றேன். அதனால்தான் பின்னட்டை வெறுமையாக இருக்கிறது. அக்கா அந்த மாத்திரையில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை. அவர் கை கடைசி வரை குணமாகவும் இல்லை. உறவினரும் நண்பரும் இதையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவைக் கடைசி நாள்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், இறுதி ஊர்வலத்துக்கு வெள்ளைக் கோட்டோடு வந்து ஓரமாக நின்ற ஆய்வுக்கூட இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் மேலாக, படத்தில் இல்லாத அந்தக் கைக்கு.

அச்சுக்கு அனுப்புமுன் இதைச் சித்திக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கப்பா. ஆனா அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு போடலியே? எனக்குக் கால் எரியுதுன்னு நான் பின்னாடிதான் போட்டுட்டிருக்கேன்."