முதலாளி விமானத்தில் படித்த புத்தகம்

மூன்று புத்தகங்கள். மூன்றும் புதுசு, மூன்றும் கனம். காந்திபுரத்துப் புத்தகக் கடையில் அரை நாள் நின்று பொறுக்கிவந்து என் மேசைமேல் பரப்பியிருந்தேன். எங்கள் முதலாளி ஒவ்வொன்றாக எடுத்து, வார்ப்படத்தில் ஓட்டை தேடுகிறவர் மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பேரம் பேசக் கற்றுத்தரும் புத்தகத்தின் பின்னட்டையில் ஆசிரியர் கோட் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, இவரு பேக்டரி வெச்சிருந்தாருங்களா?" என்று முதலாளி கேட்டார். இல்லை சார், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர் என்றேன். புத்தகம் ஓரமாகப் போனது. அடுத்ததை எழுதியவர் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்பவர். அதுவும் ஓரம். மூன்றாவது, பெரிய கம்பெனி ஒன்றை உண்டாக்கியவர் தன் கதையைத் தானே எழுதியது. அவரிடம் பேக்டரி இருந்தது, ஆனால் எழுத்து எறும்பு அளவில் இருந்தது. "கண்ணாடி போட்டாலும் ஊர்ந்து போயிருமாட்ட இருக்குதுங்க," என்று அதையும் வைத்துவிட்டார்.

கணபதிப் பக்கம் இருந்த எங்கள் பம்ப் தொழிற்சாலையில் நான் அப்போது உற்பத்தி மேலாளர். மறுநாள் நாங்கள் இருவரும் துபாய் வழியாக சிகாகோ போகவேண்டியிருந்தது. துபாயிலிருந்து மட்டும் பதினைந்து மணி நேரத்துக்குமேல். விமானத்தில் சினிமா பார்க்க முதலாளிக்குப் பிடிக்காது. சின்னத் திரை கண்ணைக் கூசுகிறது என்பார். ஆங்கிலம் பேசினால் சமாளிப்பார், படிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவார். அதனால் தமிழில் நல்ல தொழில் புத்தகமாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லியிருந்தார். வெறும் பொழுதுபோக்குக்காக அல்ல. சிகாகோக்காரர்கள் எங்களிடம் நெடுநாளாகப் பம்ப் வாங்குகிறவர்கள். அந்த வருடம் இரண்டு தடவை சரக்கைத் தாமதமாக அனுப்பியிருந்தோம். இன்னொரு தடவை தாமதமானால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்வோம் என்று பணிவாகக் கடிதம் எழுதியிருந்தார்கள். அடுத்த ஆர்டரை நேரில் உட்கார்ந்து பேசி முடிக்கத்தான் போகிறோம். அது போய்விட்டால் ஒரு ஷிப்டையே மூட வேண்டிவரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைசியில், "நீங்க படிச்சது எதாச்சும் இருந்தாக் குடுங்களேன் அம்மணி. நீங்க படிச்சிருந்தா நல்லதாத்தான் இருக்கும்," என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாள் மாலை பீளமேடு விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், அலமாரியிலிருந்து என் பழைய புத்தகம் ஒன்றை உருவிப் பையில் போட்டேன். சொன்ன தேதிக்குச் சரக்கை முடிப்பது எப்படி என்பதைப் பற்றியது. எழுதியவர் இருபது வருடம் லேத் பட்டறை நடத்தியவர், எழுத்தும் பெரிசு. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பகலைத் துரத்திக்கொண்டே போகும் விமானம் அது. துபாயில் அடுத்த நாள் காலையில் ஏறினோம். எத்தனை மணி நேரம் போனாலும் ஜன்னலுக்கு வெளியே வெயில்தான். சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது பக்கத்து இருக்கையில் முதலாளி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். விரல் அச்சு வரியில் இல்லை. ஓரத்தில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதிய கையெழுத்து என்னுடையது.

மூன்று வருடத்துக்கு முன்னால், வேலையை விட்டுவிடலாமா என்று இருந்த நாட்களில் படித்த புத்தகம் அது. ஆத்திரத்தையெல்லாம் ஓரத்தில்தான் கொட்டியிருந்தேன், கிளம்பும் அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. 'காலையில் ஒரு பிளான், மத்தியானம் ஒரு பிளான். எங்கள் முதலாளிக்கு இந்த அத்தியாயத்தை யாராவது பாடியாவது காட்டுங்கள்' என்று ஒரு பக்கத்தில். 'எங்கள் மீட்டிங்கில் போண்டாவைத் தவிர வேறெதுவும் முடிவாவதில்லை' என்று இன்னொரு பக்கத்தில். எல்லாவற்றையும்விட மோசமானது பாதிப் புத்தகத்துக்குமேல் இருந்தது. அந்தப் பக்கம் வருவதற்குள் புத்தகத்தை எப்படியாவது வாங்கிவிடவேண்டும் என்று, "சார், கண்ணு வலிக்கப் போகுது, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க மேனேஜர் மேடம், பேனா இருக்குதுங்களா?" என்றார்.

தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. எங்கள் முதலாளி கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடும். அம்மணி என்பவர் மேடம் என்று கூப்பிட்டால் அன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். பேனாவைக் கொடுத்தேன். அவர் ஏதோ எழுத ஆரம்பித்தார். படிப்பார், எழுதுவார், மறுபடி படிப்பார். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வேலை போய்விட்டால் வீட்டுக்கடனுக்கு என்ன செய்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். விமானம் இறங்கப்போகும் சமயத்தில், இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டி, "படிச்சுப்போட்டனுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஹோட்டல் அறைக் கதவைச் சாத்தியதும் திறந்து பார்த்தேன். என் பென்சில் எழுத்துக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் நீல மையில் பதில். அவர் எழுதுவதும் பேசுவது மாதிரிதான். பிளான் பற்றிய குறிப்புக்குக் கீழே, 'பாட வேண்டாமுங்க. படிச்சுட்டேன்.' போண்டாவுக்குக் கீழே, 'போண்டா பிடிக்காதுன்னா சொல்லியிருக்கலாமுங்க. அஞ்சு வருசமாத் தின்னீங்களே.' தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைத் தேடினேன். அதில் நான் எழுதியிருந்தது இது: 'முடியாது என்ற சொல் இவர் வாயில் வராது. யார் எந்தத் தேதி கேட்டாலும் ஆயிருமுங்க என்பார். நல்ல பேர் அவருக்கு, நாக்குத் தள்ளுவது எங்களுக்கு.'

எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி அது. தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை. அந்த வருடத்து இரண்டு தாமதமும் மெஷினால் வந்ததல்ல, 'ஆயிருமுங்க' என்ற அந்த ஒரு சொல்லால் வந்தது. அதற்கு அவர் எழுதியிருந்த பதில் மட்டும் நீளமாக இருந்தது. 'நெசந்தானுங்க. பட்டறை ஆரம்பிச்சப்ப எங்கிட்ட ஒரே ஒரு லேத்து. முடியாதுன்னு சொன்னா வந்தவங்க அடுத்த பட்டறைக்குப் போயிருவாங்கன்னு பயம். இன்னிக்கு அறுபது மெஷின் இருக்குது, பயம் மட்டும் போகலீங்க. நாளைக்கு எம் பக்கத்துல உக்காருங்க. சொல்லிப் பாக்கறேன்.' படித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு அவரை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் அவர்கள் எட்டு வாரத்தில் சரக்கு வேண்டும் என்றார்கள். எட்டு வாரத்தில் எங்களால் ஆகாது. முதலாளிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது; உதடு 'ஆ' என்று விரிவதை நான் பார்த்தேன். தண்ணீரைக் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். பிறகு, "நாட் பாசிபிளுங்க சார்," என்றார். எதிரே இருந்த அமெரிக்கருக்கு 'ங்க' புரிந்திருக்காது, மற்றது நன்றாகப் புரிந்தது. அப்படியானால் எப்போது என்று கேட்டார். முதலாளி என்னைக் கைகாட்டினார். பன்னிரண்டு வாரம் என்று சொல்லி என் திட்டத்தை விரித்தேன். ஒரு மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, பாதி ஆர்டரை மட்டும் கொடுத்தார்கள். சொன்ன தேதிக்கு வந்தால் மீதி. வெளியே வந்ததும் முதலாளி லிப்ட் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிப்போட்டனுங்க அம்மணி! எனக்கு உசுரு இருக்குதான்னு பாருங்க," என்றார். பன்னிரண்டாவது வாரம் முடிய நான்கு நாள் இருக்கும்போதே சரக்கு கப்பல் ஏறியது. மீதி ஆர்டரும் வந்தது.

இப்போது அவர் சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை தொழிற்சாலைக்கு வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என்னிடம் போண்டா வேண்டாமுங்களா என்று தவறாமல் கேட்டுவிட்டுப் போவார். நிர்வாகம் முழுக்க என் கையில். போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் ஒரு தேதி கேட்டார். நல்ல மனுசர், அவசரத்தில் இருந்தார். "ஆயிருமுங்க," என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. எதிரே இருந்த இப்போதைய உற்பத்தி மேலாளர் தலையைக் குனிந்து, கையிலிருந்த நோட்டில் ஏதோ எழுதினார். அப்படி எழுதும்போது மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியாதா?

நாளைக்கு எனக்கு சிகாகோ பயணம். படிக்கப் புதுப் புத்தகம் ஏதாவது வரவழைக்கட்டுமா மேடம் என்று அந்த மேலாளர்தான் கேட்டார். "புதுசு வேண்டாமுங்க. நீங்க படிச்சது எதாச்சும் குடுங்க. உள்ள எழுதினதை அழிக்காமக் குடுங்க," என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! இன்று காலை புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, நிற்காமல் ஓடிவிட்டார். இன்னும் திறக்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டேன். பதினைந்து மணி நேரம் இருக்கிறது, மெதுவாகப் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் பயமாக இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் பேனா கேட்பதற்கு முதலாளிக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!