கிணற்றில் கிடைத்த ட்ரூஸ்

ஆறாம் வகுப்பில் எனக்கு நிலவியலில் ஒரே ஒரு சொல் தெரியும். ஒரு வீட்டின் கறவை மாட்டை விற்க வைக்க அது போதுமானதாக இருந்தது.

எண்பதுகளில் ஒரு கோடை. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் பெரியப்பா கிணறு வெட்டிக்கொண்டிருந்தார். அறுபது அடியிலும் வெறும் பாறை. நிறுத்திவிடுவதா, மாட்டை விற்று இன்னும் ரெண்டு வெடி வைப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு. பெரியம்மா மாட்டின் பக்கம்.

அன்றைய வெடியில் ஒரு கல் பிளந்து வந்தது. உள்ளே சின்னப் பொந்து. பொந்து முழுக்கச் சர்க்கரை ஒட்டியதுபோலப் பொடிப்பொடிப் படிகங்கள். சேலத்தில் நிலவியல் படித்துக்கொண்டிருந்த மாமா ஊருக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றிருந்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"இதுக்குப் பேரு ட்ரூஸ். பொந்துல தண்ணி நின்னு, எந்தக் காலத்துலயோ வத்திப்போயி, அதுல கரைஞ்சிருந்தது இப்படி ஒட்டிக்கிச்சு. இத நம்பித் தோண்ட வேணாம்னு பெரியப்பாகிட்ட மறக்காம சொல்லு புள்ள."

மறக்கவெல்லாம் இல்லை. ஆனால் கிணற்று மேட்டில் ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு, முதல்முறையாக என் வாயையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"இது ட்ரூஸ் பெரியப்பா. தண்ணியிலதான் உண்டாகுமாம்."

"அப்படிப் போடு!" என்றார் கயிறு பிடித்திருந்தவர். "படிக்கிற புள்ள சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அடுத்த சந்தையில் மாடு போனது. ரெண்டு வெடியிலும் கல்தூள்தான் வந்தது.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கல்லை ரேடியோ மேல் வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இதுக்கு ட்ரூஸுன்னு பேருங்க. எங்க தம்பி பொண்ணு சொன்னா" என்பார். நான் பூரித்துப்போவேன். பெரியம்மா எல்லாருக்கும் பாலில்லாத வரக்காப்பி கொண்டுவந்து வைப்பார்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, வேறெதையோ தேடப்போய், அகராதியில் அந்தச் சொல் கண்ணில் பட்டது. ஜெர்மன் சுரங்கத்து ஆட்களின் சொல்லாம். மூலம் எதுவென்று அகராதிக்கே முழு நிச்சயமில்லை. ஆனாலும் பழைய பொருள் 'மண்டி' என்கிறது. குடித்துத் தீர்த்த பின் அடியில் தங்குவது.

அந்த வீட்டு டம்ளர்களின் மண்டியை எத்தனையோ நாள் நானே கழுவி ஊற்றியிருக்கிறேன். "வரக்காப்பி கசக்குது பெரியம்மா" என்று அவரிடமே குறைபட்டும் இருக்கிறேன்.

அவர் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டார்.