பொன்னி உப்புப் பார்த்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சூரமங்கலம் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் குரல்.

"ஏனுங்க அக்கா, ஊட்ல இருக்கீங்களா? ரயிலு எறங்கி நேரா இங்கதான் வாரோமுங்க."

பழனியப்பன்! நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போடுகிற விவசாயி. கூடவே கொழுகொழுவென்று ஒரு பெண் குழந்தை. யார் இது என்று கேட்கப் போனேன்... நல்லவேளை, கேட்கவில்லை. அவர் மகள் பொன்னி!

போன வருஷம் அவள் எலும்பும் தோலுமாக இருந்தாள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், என் மகன் அருளுக்கு அடுத்த கட்டில். இருவருக்குமே வயிற்றில் புற்றுநோய். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வோமா? 'கட்டி' என்போம். ஆபரேஷன் முடிந்து 'கரண்ட்' வைத்துக்கொண்டிருந்தார்கள் – கதிர்வீச்சுக்கு நாங்கள் வைத்த பெயர்.

துணைக்கு இருந்தவர்கள் எல்லாம் அம்மாக்கள். பழனியப்பன் மட்டும்தான் அப்பா. மனைவிக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது.

"ஆம்பளைங்க வார்டுல தங்கக் கூடாது" என்பார் வார்டு நர்ஸ் சிஸ்டர். "சரிங்க" என்று வராந்தாவில் போய் உட்காருவார். நாங்கள் குளிக்கப் போகும்போது அவரையே கூப்பிட்டு எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். பொன்னிக்கு நாங்கள் தலை பின்னிவிடுவோம். எந்தக் குழந்தை வாந்தி எடுத்தாலும், யார் கை முதலில் நீளுகிறதோ அவர்தான் அந்த நேரத்து அம்மா. சாதியாவது, மதமாவது!

திடீரென்று பொன்னி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கரண்ட் வைத்தால் குமட்டும். உடம்பு தேறாவிட்டால் கரண்டை நிறுத்த வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிறுத்தினால்...?

கெஞ்சினோம். மிரட்டினோம். நான் ஜெபமாலை சொன்னேன். ம்ஹூம்.

"ஒரே ஒரு வாய் உண்ணு சாமி..." என்று தட்டை நீட்டினார் பழனியப்பன்.

"நீங்க உண்ணுங்கப்பா" என்று ரசஞ்சோற்றை உருட்டி அவர் வாயில் வைத்தாள் பொன்னி. அழுதுகொண்டே விழுங்கினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த உருண்டை எனக்கு. அதற்கடுத்தது அருளுக்கு.

வந்து நின்றார் சிஸ்டர். "நோயாளி பட்டினி, நீங்க எல்லாரும் விருந்து சாப்பிடுறீங்களா?"

"சிஸ்டர், ஆ காட்டுங்க!" என்றாள் பொன்னி.

சிஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். வாயைத் திறந்தார். மென்றுவிட்டு, "உப்பே இல்லையே" என்றார்.

பொன்னிக்கு ரோஷம். ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டாள். "இருக்குதுங்களே!"

"எனக்குத் தெரியலையே..."

இன்னொரு பிடி போட்டுப் பார்த்தாள். பழனியப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்புறம் தினமும் அவள் ஊட்டுவதை மென்றுவிட்டு யாராவது சோற்றில் குறை சொல்வோம்; முதல் ஆள் சிஸ்டர்தான். அவள் சாப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். கரண்டும் முழுசாக வைத்து முடித்தார்கள்.

ஒருவர் படுத்துவிட்டால் ஆளாளுக்கு ஊட்ட ஓடிவருகிறோம். அவர் பிறருக்கு ஊட்டவும் ஆசைப்படுவார் என்று நினைத்துப் பார்க்கிறோமா? ஆறு வயதிலும் அந்த ஆசை இருக்கிறது.

"மெட்ராஸ்ல செக்கப் முடிஞ்சுதுங்க அக்கா. கட்டி திரும்ப வரலைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றார் பழனியப்பன். அருளும் இப்போது ஸ்கூலுக்குப் போகிறான். எல்லாம் சுகம்.

பாவம், தினமும் பொன்னி ஊட்டியதில் இடுப்பு பெருத்துப்போய், சிஸ்டர்தான் அப்போது பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார்!